சாதம் இல்லை, பலகாரம்தான்

என் கணவர் கல்யாணராமனுக்குக் கால் சுடவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாயிரமாவது வருஷம், வைகாசி விசாகம். ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனுக்கு அபிஷேகம் முடிந்து வெளியே வரும்போது உச்சி வெயில். தில்லியின் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்லித்தானா தெரியவேண்டும்? கல் தரையில் ஒரு அடி வைத்தவள் "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு, நடப்பதற்காகப் போட்டிருந்த விரிப்புக்கு ஓடினேன். இவரோ விரிப்பை விட்டு இறங்கி, கையைக் கூப்பிக்கொண்டு, காலை நடைக்குக் கிளம்பினவர் மாதிரி நிதானமாகப் பிரதட்சிணம் வந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டுக்காரியான வசுமதி என் காதோடு, "மாமாவுக்கு என்ன பக்தி பாருங்கோ மாமி" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம்.

"என்னன்னா இது?"

"எதுடி?" என்றார், காலைத் தூக்கிப் பார்த்தபடி.

பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷச் சர்க்கரை வியாதி இவருடைய கால் நரம்பை மரத்துப்போகச் செய்திருந்தது. மனுஷன் வெந்துகொண்டே முருகனைச் சுற்றியிருக்கிறார்.

கொப்புளம் உடைந்து புண் ஆயிற்று. களிம்பு, மாத்திரை, ஊசி, கட்டு, எல்லாம் ஆயிற்று. ஆடி பிறந்தும் புண் மூடுவதாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சர்ஜனிடம் காட்டினோம். அவர் ஒரு ஊசிமுனையால் விரலைக் குத்தினார். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ஜன் என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்தால் எந்தப் புண்ணும் ஆறாது. தசரா வரைக்கும் பார்க்கிறேன். அதற்குள் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். விட்டுவைத்தால் மேலே ஏறும்" என்று இங்கிலீஷில் சொன்னார். நகம் வெட்டுகிற விஷயம் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அவரை அறைந்துவிடலாம் போல் இருந்தது.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். இவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். எதையும் ஃபைலில் நோட் எழுதுகிற நிதானத்தோடுதான் பேசுவார்.

"ஒரு விரல்தானே வைதேஹி. மிச்சம் ஒன்பது இருக்கே."

"வாயை மூடிண்டு வாங்கோ" என்றேன்.

அந்த வாரம்தான் டாக்டர் சந்தோஷ் கத்யாலைப் பார்க்கப் போனோம். எங்கள் செக்டர் மார்க்கெட்டில் ஒரு சின்ன கிளினிக். சந்தோஷ் என்றால் ஆண்பிள்ளை என்று நினைத்துப் போனவர்களுக்கு எதிரே அறுபது வயதுப் பஞ்சாபி அம்மாள், வெள்ளைத் தலை, சல்வார் கமீஸ், கணீரென்ற குரல். அவளுக்கும் சர்க்கரை உண்டாம். அரிசியும் ரொட்டியும் விட்டு ரொம்ப வருஷம் ஆயிற்றாம். சக டாக்டர்கள் அவளைக் கேலி செய்வதையும் அவளே சொல்லிவிட்டாள்.

"சாவல் பந்த், ரோட்டி பந்த், சீனி ஆலு சப் பந்த்" என்று மேஜையைத் தட்டினாள். சாவல் என்றால் அரிசி, ஆலு என்றால் உருளைக்கிழங்கு; எல்லாவற்றையும் நிறுத்து என்கிறாள். "உடம்புக்குள்ளே போனால் இதெல்லாம் சர்க்கரைதான். ஒரு பக்கம் நீங்கள் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருந்தால், இன்னொரு பக்கம் நான் மாத்திரை கொடுத்து என்ன பிரயோஜனம்?"

"அப்போ எதைச் சாப்பிடறது?" என்று கேட்டேன்.

"நெய், வெண்ணெய், பன்னீர், தயிர், பாதாம், பச்சைக் காய்கறி. பசி அடங்குகிற மட்டும். நெய்யைக் கண்டு பயப்படாதீர்கள். சாவலோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் அது எதிரி."

பஞ்சாபிக்காரி பஞ்சாபிச் சமையலைச் சொல்கிறாள் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன். ஆனாலும் விரல் என்றால் விளையாட்டா? அன்றைக்கே வீட்டில் சாதத்தை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் அடியோடு. பானையில் ஒரு பருக்கை கிடையாது. சப்பாத்தியும் கிடையாது.

காலையில் நாலு இட்லி. டாக்டர் சொன்னபடி மேலே நெய் வழிய வழிய. ஆபீசுக்கு டப்பாவில் சேவை, அல்லது அவல் உப்புமா. ராத்திரி தோசை, ஒரு மாறுதலுக்கு அடை, அதன் தலையில் ஒரு உருண்டை வெண்ணெய். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அமாவாசை ராத்திரி, சனிக்கிழமை ராத்திரி எல்லாம் இப்படித்தானே? "இன்னிக்குச் சாதம் கிடையாது, பலகாரம்தான்" என்றால் விரதம் என்று அர்த்தம். என் கணவர் தினம் மூன்று வேளையும் விரதம் இருந்தார். இத்தனை சந்தோஷமாக விரதம் இருந்த ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

"அந்த டாக்டர் மனுஷியே இல்லைடி, தெய்வம்" என்பார் தோசையைப் பிய்த்துக்கொண்டு. "இன்னும் சித்த நெய் விடேன். வைத்தியம்னா வைத்தியமாப் பண்ணணும்."

அடுத்த முறை போனபோது டாக்டர் கண்டிப்பாக விசாரித்தாள். சாவல்? தொடுவதே இல்லை. ரோட்டி? இல்லை. உருளைக்கிழங்கு? இல்லை. ஜவ்வரிசி? சீச்சீ. வாழைப்பழம்? அதுவும் இல்லை. எல்லாம் சத்தியமான பதில்கள்.

"அப்படியானால் என்னதான் சாப்பிடுகிறார்?"

பலகாரத்துக்கு ஹிந்தியில் என்ன? நான் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள்: பலம் கூட்டல் ஆகாரம், பலாகாரம், பேச்சில் பலகாரம், வடமொழிச் சொல். வடக்கே அதுவே ஃபலாஹார். விரத நாளில் இந்த ஊர்க்காரர்களும் ஃபலாஹார் என்றுதானே சொல்கிறார்கள்? எனவே மிடுக்காகச் சொன்னேன்: "ஸிர்ஃப் ஃபலாஹார், டாக்டர் சாஹிப்." பலகாரம் மட்டும்தான் என்று.

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "வாஹ் வைதேஹி ஜி! மூன்று வேளையுமா?"

"தீனோ டைம்" என்றார் என் கணவர், வெகு அடக்கமாக.

டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆனால் ரத்தப் பரிசோதனை எங்களைப் பார்த்துக் கை குலுக்கவில்லை. சர்க்கரை இறங்கவே இல்லை, ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஏறியது. இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை வெளியே தள்ளிப் போயிற்று. புண் அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நான் தினம் கட்டு மாற்றும்போது அதைப் பார்த்து, "மூடித்தொலையேன்" என்று திட்டுவேன். தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் ஒரு நாள் செருப்புக் கடையில், விரல் இல்லாதவர்களுக்கு எப்படி ஷூ தைப்பார்கள் என்று விசாரித்தாராம். அதை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

டாக்டர் சந்தோஷுக்கும் முகம் வாடிவிட்டது. "இத்தனை கட்டுப்பாடாக இருந்தும் இறங்கவில்லை என்றால் என் வழி இவருக்குச் சரிப்படவில்லை போலிருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள், இன்சுலின் எழுதிவிடுகிறேன். விரலுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றாள். பாவம், அவள் குரலே இறங்கிப்போயிருந்தது.

அந்த அடுத்த வாரம் கோகுலாஷ்டமி.

இன்சுலின் எழுதி வாங்கத்தான் போனோம். ஆனாலும் அந்த அம்மாள் எங்களுக்காக எத்தனை பாடுபட்டாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. உப்புச் சீடை, வெல்லச் சீடை, முறுக்கு, எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் கூட்டமில்லை. டாக்டர் களைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்று ஜன்மாஷ்டமி விரதம் வைதேஹி ஜி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ராத்திரி வரைக்கும் ஃபலாஹார் மட்டும்தான்."

"தெரியுமே! அதனாலதான் ஃபலாஹார் கொண்டுவந்திருக்கேன்!" என்று டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

ஒரு சீடையை எடுத்தாள். விரலில் உருட்டிப் பார்த்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனவள், "இது எதில் செய்தது?" என்று கேட்டாள்.

"சாவல் கா ஆட்டா" என்றேன், பெருமையாக. "நானே களைஞ்சு உலர்த்தி, மாவா அரைச்சது."

கை அப்படியே நின்றுவிட்டது. "சாவலா? விரதத்திலா?"

"சாவல் இல்லை டாக்டர் சாஹிப். ஃபலாஹார்."

டாக்டர் சீடையை மெதுவாக டப்பாவில் திரும்ப வைத்தாள். என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ராமன் சாப், இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?"

"இட்லி."

"இட்லி எதில் செய்வது?"

"சாவல்... கொஞ்சம் உளுத்தம்பருப்பு."

"நேற்று மத்தியானம்?"

"சேவை."

"அது?"

"சாவல்."

"ராத்திரி?"

"தோசை" என்றார் இவர். குரல் தேய்ந்து போயிருந்தது. அடுத்த கேள்வியை டாக்டர் கேட்கவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாளே என்று பதறிப்போய் எழுந்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "இதிலே சிரிக்க என்ன இருக்கு? ஒரு பருக்கை சாதம் நாங்க தொடலை!" என்று தமிழில் ஆரம்பித்து, "ஹம் சாவல் நஹி காதா, நஹி காதா!" என்று என் ஹிந்தியில் முடித்தேன்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினாள். எங்களுக்கு ஃபலாஹார் என்றால் பழம், பன்னீர், தயிர், பாதாம். அரிசியைத் தொட்டால் விரதமே போச்சு. நீங்களோ அரிசியை ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வைத்து, கல்லில் வார்த்து, பிழிந்து, பொரித்து, அது அரிசியே இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். அதற்கு மேல் நெய் வேறு. இதைத்தான் சிரிப்புக்கு நடுவே சொல்லி முடித்தாள்.

பலம் கூட்டல் ஆகாரம். வடமொழியில் பலம் என்றால் பழம்; பழ உணவு. எத்தனை வருஷமாக எழுதிப் போடுகிறேன்! ஒரு தடவையாவது ஏன் இட்லியில் பழம் இல்லை என்று யோசித்தேனா? ஒன்பதாம் வகுப்பில் ஒரு கழுதையாவது கேட்டதா?

"வெட்கப்படாதீர்கள்" என்றாள் டாக்டர். இன்சுலினுக்கென்று எடுத்த சீட்டை ஓரமாக நகர்த்தினாள். அவள் கண்ணில் பழைய வெளிச்சம் திரும்ப வந்திருந்தது. "என் வழி தோற்றுவிட்டது என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை. இப்போதல்லவா தெரிகிறது, அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! ஒரு வாரம் கொடுங்கள், அதிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஊசிதான். தசராவுக்கு இன்னும் நாள் இருக்கிறது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி சீடை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து மெய்யான பத்தியம். முதல் வாரம் நரகம். தலைவலி என்றார். கை கால் ஓய்ந்துவிட்டது என்றார். டாக்டர் மோரில் தாராளமாக உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னாள். ஆரம்பத்திலேயே மாத்திரையையும் குறைத்துவிட்டு, "நீங்களாக ஒன்றும் செய்யாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம் வரும்" என்று எச்சரித்து, தினம் காலையில் கிளினிக்குக்கு வரவழைத்து விரலில் குத்திப் பார்த்தாள்.

நாலாம் நாள் இவர் தட்டைத் தள்ளிவிட்டார். கீரை மசியல், வெண்டைக்காய் வதக்கல், தேங்காய்த் துவையல் எல்லாம் தட்டில் இருந்தது.

"தொட்டுக்கறது எல்லாம் இருக்கு. எதைத் தொட்டுக்கறது? இது ஒரு சாப்பாடா?"

எனக்கும் பொறுமை என்று ஒன்று எவ்வளவுதான் இருக்கும்? "உங்களுக்கு இட்லி வேணுமா, விரல் வேணுமா? இப்பவே சொல்லிடுங்கோ!" என்று கத்தினேன். கத்திய பிறகும் நிறுத்த முடியவில்லை. "விரலோட நின்னுடுமாங்கறது யாருக்குத் தெரியும்? எனக்கு நீங்க முழுசா வேணும். எனக்குப் பயமா இருக்குன்னா."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நெய் சித்த விடு" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். இவர் எதிரே நான் மட்டும் இட்லியும் தோசையும் சாப்பிடுவது பாவம். வீட்டில் அரிசி டின்னையே காலி செய்து வசுமதியிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வீம்பு வந்துவிட்டால் சமையலில் புத்தி நன்றாக வேலை செய்யும். முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கி, அதன் மேல் மோர்க்குழம்பை விட்டேன். பன்னீரை உதிர்த்துக் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்து உப்புமா மாதிரி கிளறினேன். தயிர்சாதம் இல்லாமல் தூக்கம் வராது என்றவருக்கு, காலிஃப்ளவரைத் துருவி வேகவைத்து, கெட்டித் தயிரும் பாலேடும் விட்டுப் பிசைந்து, மாவடு ஒன்று வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். "கிட்டத்தட்ட" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ராஷ்டிரபதி விருது.

வசுமதி இறங்கி வந்தாள். "என்ன மாமி, உங்காத்துக் கிரைண்டர் சத்தமே காணுமே, ஊருக்குப் போயிட்டேளோன்னு நினைச்சேன்." அடுப்பின் மேல் இருந்த நெய்ப் பாத்திரத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சர்க்கரைக்காரருக்கு இத்தனை நெய்யா? ஹார்ட் என்னத்துக்கு ஆகும்? ஊர் உலகமே ரீஃபைண்ட் ஆயிலுக்கு மாறிடுத்து, நீங்க என்ன இப்படி!"

எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. டாக்டரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவள் கோபிக்காமல் ரத்தத்தில் கொழுப்பையும் பரிசோதித்துவிட்டாள், மறுபடியும் ஒரு தடவை கொஞ்ச நாள் கழித்துப் பரிசோதித்தாள். ட்ரைகிளிசரைடு என்று ஒன்று, முன்னே ஆகாசத்தில் இருந்தது, பாதிக்கு வந்திருந்தது. "எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். ஆனால் இவர் உடம்பு ஒத்துக்கொண்டுவிட்டது" என்றாள்.

சர்க்கரை இறங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மடமடவென்று. மாத்திரைகள் ஒன்றொன்றாகக் குறைந்தன. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஃபைல் மேல் தலை சாய்த்துவிடுகிற மனுஷன், சாயங்காலம் வரைக்கும் தெளிவாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஆபீசில் ஆச்சரியப்பட்டார்களாம். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே வந்தது. ராத்திரி நாலு தடவை எழுந்துபோகிறவர் விடியும்வரை தூங்கினார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்தால், புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிசாகப் புதுத் தோல். நான் இவரைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தசரா முடிந்ததும் சர்ஜனிடம் போனோம். விரலை அழுத்தினார், திருப்பினார், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதை எடுக்க வேண்டிய அவசியமில்லை" என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்து, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஃபலாஹார்" என்றார் என் கணவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"வெரி குட். தொடருங்கள்" என்றார் சர்ஜன். நான் வெளியே வந்துதான் சிரித்தேன்.

விரல் நின்றது. ஆனால் உணர்ச்சி? ஊசியால் குத்தினால் அப்போதும் தெரியவில்லை. "நரம்பு வந்தாலும் வரும், வராமலும் போகும். நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர் சந்தோஷ். கோயிலுக்குப் போனால் கனத்த சாக்ஸ் போடாமல் தரையில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவை அமல்படுத்துகிற போலீஸ் நான்.

மறு வருஷம் வைகாசி விசாகம். அதே மலை மந்திர், அதே வெயில், சாக்ஸும் விரிப்புமாகப் பிரதட்சிணம். எதிரே வந்த ஒரு வயசான அம்மாளுக்கு வழி விடுவதற்காக இவர் விரிப்பிலிருந்து ஒரு காலைக் கல் மேல் எடுத்துவைத்தார். வலது கால்.

"ஆ!"

காலை உதறிக்கொண்டு, ஒற்றைக்காலில் நொண்டி என் தோளைப் பிடித்தார். நான் பதறிப்போய், "என்ன, என்ன ஆச்சு, மறுபடியும் பட்டுடுத்தா?" என்று கீழே குனிந்தேன்.

"சுடறதுடி" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். அறுபதை நெருங்குகிற அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"வைதேஹி, சுடறதுடி! சாக்ஸையும் தாண்டி நன்னாச் சுடறது!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அவர் கையைப் பிடித்து விரிப்புக்கு இழுத்தேன். பின்னால் வந்த வசுமதி, "என்ன மாமா, போன வருஷம் மூணு சுத்து சுத்தினேள். இந்த வருஷம் பக்தி கொறைஞ்சுடுத்தா?" என்றாள்.

"ஆமாம்டி, கொறைஞ்சுடுத்து. அந்தப் பக்தி எங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

இவர் விரிப்பின் ஓரத்தில் நின்றுகொண்டு வெயிலில் பளபளத்த கல்லையே ஆசையாகப் பார்த்தார்.

"இன்னொரு தரம் வெச்சுப் பாக்கட்டுமா?"

"வெச்சேளோ, கொன்னுடுவேன்" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.